உத்கார்த் பயணம்: தோர் கதையை 30 நிமிடச் சிறுவர் படமாக எடுக்க யோசனை வேண்டும்

வடதிசை:

வணக்கம். நோர்வேயில இருக்கிற தமிழ்ப் பிள்ளைகளை வைச்சு 30 நிமிடப் படம் ஒண்டு எடுக்கிறம். பார்க்கப் போறவையும் 8 தொடக்கம் 12 வயதுப் பிள்ளைகள்தான். கதை, பழைய நோர்ஸ் (வட ஐரோப்பிய) புராணத்தில வாற இடிக் கடவுள் தோரும் தந்திரக்கார லோகியும் ரெண்டு பிள்ளைகளோட ராட்சதரின்ட உத்கார்த் கோட்டைக்குப் போய், அங்க வைக்கிற போட்டி எல்லாத்திலையும் தோத்துப்போற கதை. ஜூலையில யோத்துன்ஹைமன் மலைப்பக்கம் படப்பிடிப்பு. ஃபுல் ஃப்ரேம் கேமரா ஒண்டு, 24 மி.மீ. லென்ஸ், ட்ரைபாட் இருக்கு. சிஜி (கணினி வரைகலை) செய்ய ஆளும் இல்லை, காசும் இல்லை.

மூலக்கதையில எதைக் கட்டாயம் வைச்சிருக்க வேணும், எதை விடலாம்? ராட்சதரை எப்பிடிப் பெரிசாக் காட்டுறது? ஆட்டைக் கொன்று தின்னுற காட்சியைச் சின்னப் பிள்ளைகளுக்கு எப்பிடி எடுக்கலாம்? காப்புரிமைச் சிக்கல் வருமோ? தெரிஞ்சவை சொல்லுங்கோ.

---

ஏட்டுச்சுவடி:

காப்புரிமையை முதலில் முடித்துவிடுவோம். இந்தக் கதை முழுதாகக் கிடைப்பது ஐஸ்லாந்துக்காரர் ஸ்னோரி ஸ்டுர்லுசன் 1220 வாக்கில் எழுதிய 'எட்டா' என்ற புராண நூலில், கில்ஃபகின்னிங் என்ற பகுதியில். அவர் 1241இல் கொல்லப்பட்டார். கதை இன்று யாருக்கும் சொந்தமில்லை. மொழிபெயர்ப்புகளின் கதை வேறு: மொழிபெயர்த்தவர் இறந்து 70 ஆண்டு கழிந்திருக்க வேண்டும். ஆங்கிலம் வழியாக வசனம் எழுதுவதானால் ஜார்ஜ் டேசென்டின் 1842ஆம் ஆண்டு மொழிபெயர்ப்பு பாதுகாப்பானது. அவர் 1896இலேயே காலமாகிவிட்டார்.

கவனிக்க வேண்டியது பிற்காலச் சேர்க்கைகளை. இதே கதையையொட்டி டென்மார்க்கில் ஒரு காமிக்ஸ் தொடர் உண்டு. 1986இல் அனிமேஷனாகவும் 2019இல் நடிகர்களை வைத்தும் வந்த இரண்டு 'வல்ஹல்லா' படங்களும் அதிலிருந்து பிறந்தவை. அதில் வரும் குவார்க் என்ற ராட்சதச் சிறுவன் எட்டாவில் கிடையாது; அவனை எடுத்தால் சிக்கல். பொன்னிறத் தலைமுடித் தோரும், தோருக்குத் தம்பியான லோகியும் அமெரிக்க காமிக்ஸின் வேலை. பழைய கதைகளில் தோர் செந்தாடிக்காரன். லோகி, கடவுளரின் தலைவன் ஓடினோடு இரத்தம் கலந்து சகோதரன் ஆனவன், தோருக்கு உறவில்லை.

இனிக் கதை. தோரும் லோகியும் ஆட்டுவண்டியில் போய் ஒரு குடியானவன் வீட்டில் இரவு தங்குகிறார்கள். தோர் தன் இரண்டு ஆடுகளையும் வெட்டி, உரித்து, சமைத்துப் போடுகிறான். தோலை அடுப்பிலிருந்து தள்ளி விரித்து, எலும்பு ஒன்றுகூட உடையாமல் அதில் போடச் சொல்கிறான். பையன் த்யால்ஃபி மட்டும் ஒரு தொடை எலும்பைக் கத்தியால் பிளந்து நல்லியை எடுத்துவிடுகிறான். விடியற்காலையில் தோர் சுத்தியலைத் தூக்கி ஆசீர்வதிக்க, ஆடுகள் எழுகின்றன. ஒன்றுக்குப் பின்னங்கால் நொண்டுகிறது. தோர் சுத்தியலை இறுகப் பிடித்த பிடியில் விரல் கணுக்கள் வெளுத்தன என்கிறார் ஸ்னோரி. வசனமே இல்லாத குளோஸப் அது, அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். ஈடாகப் பையனும் அவன் தங்கை ரோஸ்க்வாவும் தோருக்கு வேலையாட்களாகிறார்கள்.

ஆடுகளை அங்கேயே விட்டுவிட்டு நடைப்பயணம், கடல், பிறகு காடு. இரவில் ஒரு பெரிய மண்டபத்தில் ஒதுங்குகிறார்கள். நள்ளிரவில் தரை அதிர்கிறது. நடுவில் வலப்புறம் ஒரு சிற்றறை. அதற்குள் ஒடுங்குகிறார்கள், தோர் வாசலில் சுத்தியலோடு உட்காருகிறான். காலையில் பார்த்தால் அதிர்வு ஸ்க்ரீமிர் என்ற ராட்சதனின் குறட்டை, மண்டபம் அவனுடைய கையுறை, சிற்றறை அதன் கட்டைவிரல்.

அடுத்த இரவு ஓக் மரத்தடியில். ஸ்க்ரீமிர் கட்டிய சாப்பாட்டு மூட்டையின் முடிச்சைத் தோரால் அவிழ்க்க முடியவில்லை. ஆத்திரத்தில் தூங்குபவன் தலையில் மூன்று முறை அடிக்கிறான். ஒவ்வொரு முறையும் ஸ்க்ரீமிர் விழித்துக் கேட்பது: இலை விழுந்ததா? ஓக் கொட்டை விழுந்ததா? மரத்திலிருந்து பறவை ஏதும் குப்பையைத் தட்டிவிட்டதா? இந்த மூன்றையும் சுருக்கிவிடாதீர்கள். பிள்ளைகள் மூன்றாவது கேள்வியை எதிர்பார்த்துச் சிரிப்பார்கள்.

பிறகு ராட்சத அரசனின் கோட்டையான உத்கார்த். பூட்டிய கதவைத் தோரால் திறக்க முடியாமல் கம்பிகளுக்கிடையே நுழைகிறார்கள். லோகி ஒருவனோடு தின்னும் போட்டியில் மரத்தொட்டியின் இரு முனையிலிருந்து தொடங்கி நடுவில் சந்திக்கிறான். இவன் இறைச்சியை மட்டும் முடித்திருக்க, எதிராளி எலும்பையும் தொட்டியையும் சேர்த்து முடித்திருக்கிறான். த்யால்ஃபி ஹூகி என்ற சிறுவனோடு மூன்று முறை ஓடித் தோற்கிறான். தோர் கொம்பை மூன்று மூச்சில் காலி செய்ய முடியாமல் விடுகிறான். சாம்பல்நிறப் பூனையைத் தூக்கப்போய் ஒரு பாதம் மட்டுமே தரையை விட்டெழுகிறது. எல்லி என்ற கிழவியோடு மல்லுக்கட்டி ஒரு முழங்காலில் விழுகிறான்.

மறுநாள் கோட்டைக்கு வெளியே அரசன் உண்மையைச் சொல்கிறான். ஸ்க்ரீமிர் அவனேதான். தின்றவன் நெருப்பு. ஓடியவன் எண்ணம். கொம்பின் மறுமுனை கடலில் இருந்தது. தோர் குடித்த அளவுதான் இன்றைய வற்றம். பூனை, உலகைச் சுற்றிக் கிடக்கும் பாம்பு. கிழவி, முதுமை. தலையில் விழுந்த மூன்று அடிகளுக்கும் நடுவே ஒரு மலையை நகர்த்தியிருந்தான்; அதில் மூன்று சதுரப் பள்ளத்தாக்குகள். தோர் சுத்தியலை ஓங்கும்போது ஆளும் இல்லை, கோட்டையும் இல்லை.

கட்டாயம் வேண்டியவை எலும்பு, மூன்று அடி, வாசலுக்கு வெளியே உண்மை. நேரம் போதாவிட்டால் கடலைக் கடப்பதை வெட்டலாம். மூட்டை முடிச்சை அரை நிமிடத்தில் முடிக்கலாம். பழைய கவிதைகள் இரண்டில் தோர் கையுறைக்குள் பதுங்கியதைச் சொல்லிக் கேலி செய்கிறார்கள். ஒன்றில், தும்மவும் குசு விடவும் பயந்து கிடந்தானாம். எட்டு வயதுக்காரர்களுக்கு இதைவிட நல்ல வசனம் வேண்டாம்.

நடைமுறைத் தொல்லை ஒன்று: தின்னும் போட்டிக்காரன் பெயரும் தமிழில் எழுதினால் 'லோகி'தான், அரசனும் உத்கார்தா-லோகி. ஒரே காட்சியில் மூன்று லோகி. அரசனை 'அரசர்' என்றும், தின்னுபவனைப் பெயரே சொல்லாமல் 'நம்ம ஆள் ஒருத்தன்' என்றும் விட்டுவிடுங்கள்.

---

லென்ஸ்பித்தன்:

சிஜி இல்லாதது நல்லதுக்குத்தான். கதையே கண்கட்டு வித்தை. கேமராவுக்குள்ளேயே செய்யற ஏமாத்து வேலை இதுக்குப் பொருந்தற மாதிரி வேற எந்தக் கதைக்கும் பொருந்தாது.

தூரத்தை வைச்சு உருவத்தை ஏமாத்தறதுதான் அடிப்படை. ராட்சதன் கேமராவுக்குப் பக்கத்துல, தோர் பின்னாடி தூரத்துல. எத்தனை மடங்கு பெருசா தெரியணுமோ அத்தனை மடங்கு தூரம். ஸ்க்ரீமிர் 6 மடங்குன்னா அவன் 2 மீட்டர்ல, தோர் 12 மீட்டர்ல. 24 மி.மீ. லென்ஸ்ல 2 மீட்டர்ல நிக்கறவன் தலையிலேர்ந்து கால்வரைக்கும் பிடிபடுவான், ஆனா ஓரத்துல இடம் பெருசா மிஞ்சாது.

ரெண்டு பேரும் ஷார்ப்பா இருக்கணும். லென்ஸ் துளையை (அபெர்ச்சர்) எஃப் 11ல வைங்க, ஃபோகஸை 1.8 மீட்டர்ல நிறுத்துங்க, ஆட்டோஃபோகஸை அணைச்சிடுங்க. 0.9 மீட்டர்லேர்ந்து கண்ணுக்கெட்டின தூரம்வரைக்கும் தெளிவா வரும். ராட்சதன் முகத்துல ஃபோகஸ் பண்ணிட்டு எஃப் 4ல எடுத்தா தோர் மங்கலாயிடுவான், அப்பவே குட்டு வெளிப்பட்டுடும். எஃப் 11க்கு வெளிச்சம் நிறைய வேணும், அதனால இந்த ஷாட் எல்லாம் பகல்ல, வெளியில.

கேமராவைத் தரையோட தரையா வைக்கணும். இடுப்பு உயரத்துல வைச்சா தோரோட கால் ஃப்ரேம்ல மேலயும் ராட்சதனோட கால் கீழயும் விழும், நடுவுல இருக்கற 10 மீட்டர் தரை அப்படியே தெரியும். தரைமட்டத்துல வைச்சா எல்லார் காலும் ஒரே கோட்டுக்கு வந்துடும். மிச்சம் தெரியற இடத்தை ஒரு புதரோ கல்லோ வைச்சு மறைங்க. ஷாட் ஓடும்போது கேமரா நகரவே கூடாது. ஒரு அடி பக்கவாட்டுல தள்ளினாலும் பக்கத்துல இருக்கறவன் வேகமாவும் தூரத்துல இருக்கறவன் மெதுவாவும் நகருவாங்க.

பார்வை எங்க போகணும்ங்கறதுலதான் நிறையப் பேர் சொதப்பறாங்க. 6 மடங்குன்னா படத்துல தோர், ராட்சதனோட காலடியில சுமார் 30 செ.மீ. உயரத்துல தெரிவான். ராட்சதன் காலுக்குப் பக்கத்துல, ஃப்ரேமுக்கு வெளியில, 30 செ.மீ. குச்சி ஒண்ணு நட்டு அதோட நுனியைப் பார்த்துப் பேசச் சொல்லுங்க. தோர் நேரா மேல, மர உச்சி மாதிரி ஒண்ணைப் பார்க்கணும். 12 மீட்டர் தள்ளி இருக்கறதால வசனம் ஒழுங்கா பதிவாகாது, டப்பிங்னு முதல்லயே முடிவு பண்ணிக்கோங்க. மேகமூட்டமான நாளைத் தேர்ந்தெடுங்க. வெயில் இருந்தா நிழல் காட்டிக்கொடுத்துடும்.

பெரிய உருவம் மெதுவா நகரணும். எத்தனை மடங்கோ அதோட வர்க்கமூலம்தான் கணக்கு: 4 மடங்குன்னா நொடிக்கு 24க்குப் பதிலா 48 ஃப்ரேம்ல எடுத்து 24ல ஓட்டணும். 6 மடங்குக்கு 59 வரும், 60 போதும். ஆனா ஒரே ஷாட்ல தோரும் இருந்தா அவனும் மெதுவாயிடுவான். அந்த ஷாட்ல மட்டும் தோர் நடிகர் ரெண்டரை மடங்கு வேகமா நடிக்கணும், பிள்ளைகளுக்கு அது கஷ்டம். தனித்தனி ஷாட்டா பிரிச்சுக்கோங்க.

கையுறைக்கு 6 மடங்கு பத்தாது. கட்டைவிரல் 6 செ.மீ., அதுக்குள்ள நாலு பேர் படுக்க 3 மீட்டர் அறை வேணும்னா 50 மடங்கு. முழு செட் போடாதீங்க, ஒரு மூலை போதும்: 3 மீட்டர் நீளம், 2.4 மீட்டர் உயரத்துக்கு மரச்சட்டம், அதுமேல பழைய கம்பளிப் போர்வை. தையல்தான் விஷயம். நிஜக் கையுறைல நூல் 1 மி.மீ., ஒரு தையல் 5 மி.மீ. அப்போ செட்ல 5 செ.மீ. தடிமன் வடக்கயிறு, 25 செ.மீ.க்கு ஒரு தையல். ராத்திரி காட்சியில அது ஏதோ மர வேலைப்பாடுன்னு தோணணும். காலையில காட்டும்போது நிஜக் கையுறையைப் பாசிமேல வைச்சு, எஃப் 16, ஃபோகஸ் 1.2 மீட்டர், கையுறை 0.6 மீட்டர்ல, பிள்ளைகள் 30 மீட்டர்ல. அவங்க கையுறை வாயிலேர்ந்து வெளிய வர்ற மாதிரி நடக்கற கோட்டைத் தரையில அடையாளம் போட்டுடுங்க.

---

ஏட்டுச்சுவடி:

ஒரு சேர்க்கை. கையுறையில் 50 மடங்கு, நடக்கும்போது 6 மடங்கு, கோட்டைக்குள் 2 மடங்கு என்று அளவு மாறுவது பிழையாகாது. ஸ்னோரியிலேயே அளவு நிற்காது: அந்தக் கையுறைக்காரனோடு தோர் காலையில் சாதாரணமாகப் பேசிக்கொண்டு நடக்கிறான். எல்லாம் மாயம் என்று கடைசியில் தெரியும்போது கணக்கு நேராகிவிடும்.

---

வடதிசை:

நல்ல விளக்கம், ரெண்டு பேருக்கும் நன்றி. தின்னுற போட்டியில தொட்டி காணாமல் போறதையும் பூனையையும் எப்பிடிச் செய்யிறது? மற்றது, ஓக் மரத்தடிக் காட்சிக்கு இரவில நெருப்பு மூட்டி எடுக்க நினைச்சிருக்கிறம். உடுப்புக்குக் கொம்பு வைச்ச தலைக்கவசம் வாங்கப் போறம்.

---

ஃபியோர்ட்காரன்:

தலைக்கவசத்தை வாங்காதேங்கோ. கொம்பு வைச்சது 1876இல ஜெர்மன் இசையமைப்பாளர் வாக்னரின்ட ஓபராவுக்கு கார்ல் எமில் டோப்லர் வரைஞ்ச உடுப்பால பரவினது. டென்மார்க்கில வெக்ஸோவில எடுத்த கொம்புக் கவசங்கள் வெண்கலக் காலத்தவை, வைக்கிங் காலத்துக்கு ஏறக்குறைய 1700 வருசம் முந்தினவை. நோர்வேயில யெர்முண்ட்பூவில 1943இல கண்டெடுத்த கவசம் வட்டமான இரும்புத் தொப்பி, கண்ணைச் சுத்தி மூக்குக் கண்ணாடி மாதிரி ஒரு காப்பு, கொம்பு இல்லை. உங்கட கதையில ஆருக்கும் கவசமே தேவையில்லை. கம்பளிச் சட்டை, இடுப்புப் பட்டி, தோல் செருப்பு போதும். தோருக்குப் பலம் தாற பட்டியும் இரும்புக் கையுறையும் எட்டாவிலயே இருக்கு.

சுத்தியலைப் படங்களில வாற சதுரக் கட்டி மாதிரிச் செய்யாதேங்கோ. அந்தக் காலத்து மக்கள் கழுத்தில போட்ட தாயத்துகள் ஆயிரத்துக்கு மேல கிடைச்சிருக்கு. தலைகீழ் 'டி' வடிவம், பிடி கட்டை. டென்மார்க்கில லோலான்ட் தீவில கெபெலெவ் எண்ட இடத்தில 2014இல கிடைச்ச ஒண்டில, 'இது சுத்தியல்' எண்டு அந்தக் காலத்து ரூன் எழுத்தில எழுதியே இருக்கு. பிடி கட்டையாய் இருக்கிறதுக்கும் கதை உண்டு: குள்ளர் அதை அடிக்கேக்க லோகி ஈயாய் வந்து கண்ணிமையில கடிச்சவன். ஃபோம் பலகையில வெட்டிச் செய்யுங்கோ, பிள்ளைகள் ஓடுற இடத்தில உலோகம் வேண்டாம்.

இனி நெருப்பு. ஏப்ரல் 15 தொடக்கம் செப்டம்பர் 15 வரை காட்டுக்குள்ளயோ காட்டோரத்திலயோ நெருப்பு மூட்டுறது பொதுவாத் தடை. நகரசபையிட்ட அனுமதி கேக்கலாம், ஆனா அதை நம்பித் திட்டம் போடாதேங்கோ. மஞ்சள் எல்இடி விளக்கு ரெண்டை ஒரு கைப்பிடி விறகுக்குப் பின்னால ஒளிச்சு வைச்சு, ரெண்டையும் வேற வேற வேகத்தில கூட்டிக் குறையுங்கோ. ஒண்டு மட்டும் வைச்சா டிஸ்கோ லைட் மாதிரி இருக்கும்.

அதை விடப் பெரிய சிக்கல், ஜூலையில யோத்துன்ஹைமன்ல இருட்டே சரியா வராது. வட அகலாங்கு 61 பாகைக்கு மேல. மாசத் தொடக்கத்தில நடுச்சாமத்திலயும் அந்தி வெளிச்சம் கிடக்கும். பகலை இரவாக்கித்தான் எடுக்க வேணும்: வெளிச்சத்தை ரெண்டு ஸ்டாப் (கால்வாசிக்கு) குறைச்சு எடுங்கோ, வைட் பேலன்ஸை 3200 கெல்வினில வையுங்கோ, நீலம் ஏறும். வானம் ஃப்ரேமுக்குள்ள வரவே கூடாது, வந்தா வெள்ளையாய் நிண்டு காட்டிக் குடுக்கும். தண்ணி மினுங்குறதும் அப்பிடித்தான்.

அந்த மலைப்பக்கம் ஓக் மரமும் இல்லை. பேர்ச்சும் பைனும்தான். ஓக் வேணுமெண்டா தெற்குக் கரைக்கு, அக்தர் பக்கம் போக வேணும். போக ஏலாட்டி, அடிமரத்தைக் காட்டாமல் ஒரு ஓக் கிளையைக் கேமராவுக்கு முன்னால பிடிச்சுச் சமாளிக்கலாம். ஓக் கொட்டை ஜூலையில சின்னதாய், பச்சையாய் இருக்கும். காய்ஞ்சதைப் போன இலையுதிர் காலத்தில பொறுக்கி வைச்சவையிட்ட வாங்குங்கோ. யோத்துன்ஹைமன் எண்ட பேரைப் பார்த்து அதுதான் ராட்சதர் நாடு எண்டு நினைக்க வேண்டாம். அந்தப் பேர் 1862இல கவிஞர் வின்யே வைச்சது.

லூம் ஊரில இருக்கிற மரக் கோவிலைக் கோட்டையாய்க் காட்ட ஆசை வரும். அது 12ஆம் நூற்றாண்டுக் கிறிஸ்தவக் கோவில். அதைவிட நாலு தடி மரத்தை நட்டுக் கம்பி இடைவெளி மாதிரி வைச்சு, கீழ இருந்து மேல பார்த்து எடுத்தால் கோட்டை வாசல் வந்திடும். தடிகளை மேல போகப் போக மெலிசாய் வெட்டினால் உயரம் இன்னும் கூடத் தெரியும்.

குடியானவன் வீட்டுச் சாப்பாட்டு மேசையில உருளைக்கிழங்கு வேண்டாம். அது இந்த நாட்டுக்கு 18ஆம் நூற்றாண்டிலதான் வந்தது. பார்லி ரொட்டி, காய்ஞ்ச மீன், பாற்கட்டி. அடுப்பு வீட்டு நடுவில, புகைபோக்கி கிடையாது, கூரையில ஓட்டை.

---

லென்ஸ்பித்தன்:

தொட்டி: 2.4 மீட்டர் நீளம், 30 செ.மீ. துண்டு எட்டா செஞ்சு வரிசையா அடுக்குங்க. லோகி பக்கம் நாலு, எதிராளி பக்கம் நாலு. ட்ரைபாட்ல கேமராவைப் பூட்டி, எக்ஸ்போஷர், வைட் பேலன்ஸ், ஃபோகஸ் மூணையும் மேனுவல்ல நிறுத்திட்டு, எதிராளி ஒரு துண்டுக்கு 12 ஃப்ரேம் வீதம் எடுக்கணும், அதாவது அரை நொடி. ஒவ்வொரு தடவையும் ஒரு துண்டைத் தூக்கிடுங்க, நடிகர் அசையாம உட்காரணும். ரெண்டு நொடியில நாலு துண்டும் போயிடும். சூரிய வெளிச்சத்துல எடுத்தா மேகம் போக வர ஃப்ரேமுக்கு ஃப்ரேம் வெளிச்சம் துடிக்கும், அதனால கொட்டகைக்குள்ள விளக்குல எடுங்க.

கொம்பு: விளிம்புக்கு 3 செ.மீ. கீழ மெழுகுல ஒரு பொய் அடித்தட்டு ஊத்திடுங்க. கொஞ்சம் தண்ணிதான் பிடிக்கும், பையனுக்குக் குடிக்கவும் கஷ்டம் இல்ல. முதல் மூச்சுல அளவு குறைஞ்சது தெரியவே கூடாது. ரெண்டாவது அதைவிடக் குறைவு, ஆனா சிந்தாம தூக்கிட்டுப் போகலாம். மூணாவதுல நல்லா இறங்கணும். ஸ்னோரி சொல்ற வரிசை இதுதான். மூணுக்கும் மேலேர்ந்து ஒரே கோணத்துல குளோஸப் வைங்க, இல்லாட்டா வித்தியாசம் புரியாது.

பூனை: நிஜப் பூனை முகத்துக்கு மட்டும். தூக்கற ஷாட்டுக்குத் துணிப் பூனை, முதுகுல ரெண்டு கம்பி மூட்டு. தோர் தூக்கத் தூக்க முதுகு வில்லு மாதிரி வளையணும், நாலு பாதமும் தரையில பலகையோட ஆணி அடிச்சு நிக்கணும். கடைசில ஒரு பாதத்தை மட்டும் விடுவிங்க. நிஜப் பூனையை யாரும் அப்படித் தூக்க வேண்டாம், கீறிடும், பூனைக்கும் வலிக்கும்.

கிழவி வேஷம் போடறவங்களுக்குக் குதிகாலுக்குப் பின்னாடி வைக்கோலுக்கு அடியில ஒரு மரச்சட்டத்தைத் தரையில அடிச்சிடுங்க. அவங்க சாஞ்சு நிக்கலாம், தள்ளினாலும் நகர மாட்டாங்க.

---

காட்சிக்கூறு:

ஆட்டுக் காட்சியை வெட்டிவிடத் தோன்றும். வெட்டினால் த்யால்ஃபி ஏன் தோரோடு போகிறான் என்பதே இல்லாமல் போகும். வெட்டுவதைக் காட்டாமல் கடந்துவிடலாம்: கொட்டில் கதவு சாத்துகிறது, அடுத்த ஷாட்டில் அடுப்பில் கொதிக்கும் பானை, தரையில் விரித்த தோல், அதில் விழும் எலும்புகளின் சத்தம். காலையில் ஆடு எழுவது வரை பிள்ளைகள் கொஞ்சம் பயப்படட்டும். எழுந்துவிடும் என்று முன்கூட்டியே யாரும் வசனத்தில் சொல்லக் கூடாது. ஆட்டை நொண்ட வைக்க அதன் காலில் எதையும் கட்ட வேண்டாம். சாதாரணமாக நடக்கும் ஆடு, பிறகு ஒரு பக்கம் சரிந்து சரிந்து போகும் வண்டி நுகத்தின் குளோஸப், ஒழுங்கற்ற குளம்புச் சத்தம். மூன்றையும் ஒட்டினால் பார்ப்பவர் மனம் நொண்டலைப் போட்டுக்கொள்ளும்.

நல்லியை எடுக்கத் தூண்டியது யார்? ஸ்னோரி பையன்மேல் மட்டும் பழியைப் போடுகிறார். ஆடு நொண்டியதற்கு லோகிதான் காரணம் என்று ஹீமிர் பற்றிய பழைய கவிதையில் ஒரு வரி இருக்கிறது. அதைப் பிடித்து, லோகி கண்ணைக் காட்டி ஆசைகாட்டுவதாக வைத்தால் பையன் குற்றம் பாதியாகும், லோகிக்கும் படம் முழுக்க ஒரு வேலை கிடைக்கும்.

நேரப் பங்கீடு: குடியானவன் வீடு 6 நிமிடம், கையுறை 4, ஸ்க்ரீமிர் 5, போட்டிகள் 10, மறுநாள் காலை 4, மிச்சம் தலைப்புக்கு. ஐந்து போட்டியையும் தலா 2 நிமிடம் என்று வைத்தால் மூன்றாவதிலேயே பிள்ளைகள் நெளிவார்கள். தின்னும் போட்டி 1 நிமிடம். ஓட்டம் 3: முதல் ஓட்டத்தில் ஹூகி எல்லையைத் தொட்டுத் திரும்பி எதிரே வந்து நிற்கிறான், இரண்டாவதில் த்யால்ஃபி ஓர் அம்பு பாயும் தூரம் பின்தங்குகிறான், மூன்றாவதில் பாதி வழியைக்கூட எட்டவில்லை. கொம்பு 3, பூனை 1, கிழவி 2. கிழவியோடு மல்லுக்கட்டும்போது இசையை நிறுத்திவிடுங்கள்; அதுவரை சிரித்தவர்கள் அங்கே சிரிக்கக் கூடாது.

ரோஸ்க்வாவுக்கு மூலத்தில் பெயரைத் தவிர ஒன்றுமில்லை. ஒரு வசனம்கூடக் கிடையாது. உங்களுக்கு அது வரம். அவளைத் துப்புகளைக் கவனிப்பவளாக ஆக்குங்கள்: தொட்டியின் விளிம்பு கருகியிருப்பது, ஹூகி ஓடிய மண்ணில் காலடி இல்லாதது, கொம்பின் வாலில் உப்புப் படிந்திருப்பது, பூனை தூக்கும்போது கூரைத் தூசு உதிர்வது, கிழவி பிடித்த இடத்தில் தோர் தாடியில் ஒரு நரை. எல்லாவற்றையும் அவள் சேர்த்துப் பார்த்து, அரசனிடம் உண்மையைச் சொல்ல வைக்கட்டும்.

---

ஏட்டுச்சுவடி:

துப்புகள் அருமை, ஆனால் கடைசியில் ஒத்துக்கொள்ள மாட்டேன். அவளே எல்லாவற்றையும் கண்டுபிடித்துவிட்டால் அரசன் வாசலுக்கு வந்து பேச ஒன்றும் மிஞ்சாது. 'உன் பலம் இவ்வளவென்று தெரிந்திருந்தால் உள்ளேயே விட்டிருக்க மாட்டேன்' என்று அவன் தன் வாயால் ஒப்புக்கொள்வதில்தான் கதையின் சுவை. தோற்றவன் உண்மையில் ராட்சதர்களை நடுங்க வைத்திருக்கிறான். அதை எதிரியே சொல்ல வேண்டும்.

---

காட்சிக்கூறு:

சரிதான். அப்படியானால் ஐந்தும் திரையில் இருக்கட்டும். அவள் கண்ணில் இரண்டு மட்டும் படட்டும், கருகிய தொட்டியும் கொம்பின் உப்பும். இரவில் அண்ணனிடம் சொல்கிறாள், அவன் நம்பவில்லை. அரசன் பேசும்போது ஒவ்வொன்றுக்கும் முன்பு காட்டிய அதே ஷாட்டைச் சில நொடி திரும்பக் காட்டுங்கள், புது ஷாட் வேண்டாம். பார்த்தும் கவனிக்காமல் விட்டோமே என்று பிள்ளைகள் சொல்ல வேண்டும். எனவே படப்பிடிப்பின்போதே ஒவ்வொரு துப்பும் ஃப்ரேமுக்குள் குறைந்தது 2 நொடி, மறைக்கப்படாமல் இருக்கிறதா என்று குறித்துக்கொள்ளுங்கள். எடிட்டிங்கில் தேடினால் கிடைக்காது.

---

வடதிசை:

எல்லாத்தையும் திரைக்கதைக்குள்ள ஏத்துறம். ஓக் காட்சியைத் தெற்குக் கரைக்கு மாத்திப் பாக்கிறம். கடைசியாய் ஒண்டு: குறட்டையை எங்க எடுக்கிறது? இணையத்தில கிடைக்கிறது எல்லாம் கார்ட்டூன் மாதிரி இருக்கு.

---

லென்ஸ்பித்தன்:

மனுஷக் குறட்டையையே எடுங்க. சாம்பிள் ரேட்டை 96 கிலோஹெர்ட்ஸ்ல வைச்சுப் பதிவு பண்ணி 48ல ஓட்டுங்க, பாதி வேகம், சுருதி ஒரு ஆக்டேவ் (ஒரு ஸ்தாயி) இறங்கும். 50 மடங்கு ராட்சதனுக்கு இன்னொரு தடவை பாதியாக்கலாம். முதல்லயே 48ல எடுத்துட்டு மெதுவாக்கினா மேல்பக்கச் சத்தம் எல்லாம் போய்ப் போர்வைக்குள்ளேர்ந்து கேக்கற மாதிரி இருக்கும். அதோட, எடுக்கற மைக்கும் 20 கிலோஹெர்ட்ஸுக்கு மேல பிடிக்கறதா இருந்தாத்தான் 96க்குப் பலன். அதுகூடப் பெரிய மரக்கதவு கிரீச்சிடற சத்தத்தையும் அதே மாதிரி இறக்கி அடியில கலங்க. லேப்டாப் ஸ்பீக்கர்ல இந்த அடிச்சத்தம் கேக்காது, கலக்கும்போது ஹெட்ஃபோன் போட்டுக்கோங்க. அதிர்வைக் காட்ட கேமராவை ஆட்டாதீங்க. ஒரு கிண்ணத் தண்ணியும் தொங்கற கம்பளி நூலும் குறட்டையோட தாளத்துக்கு ஆடினா போதும்.